மண்ணுக்குள் ஒழுங்கு கண்ட மனிதர்

திருகோணமலைப் பட்டினம் நீரிடையே நிற்கும் ஊர். ஒருபால் உலகப் புகழ் பெற்ற உட்துறைமுகம். மற்றொருபால் பெருங்கடலை நோக்கிய குடாக்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டின் மேல் பிரதான வீதியும், உட்துறைமுக வீதியும், அவற்றினின்று கிளைக்கும் ஒழுங்கைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. அகலிக்க இடமில்லாத இவ்வீதிகளின் அடியில் எத்தனை பொருள்கள் குடியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கந்தளாய்க் குளத்து நீரைக் கொணரும் குழாய் அங்கே உண்டு. மழைநீர் வடியும் கான் உண்டு. தொலைபேசிக் கம்பி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு மண்வெட்டி. தார் காய்வதற்குள் வீதியை மீண்டும் வெட்டுவதும், ஒருவர் இட்ட குழாயை இன்னொருவர் உடைப்பதும் நம் நாட்டு நகரங்கள் பலவற்றிலும் காணும் காட்சிகளேயாம்.

இவ்வூரின் மண்ணோ வெறும் மண்ணன்று. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டிய வேளையில் வெளிப்பட்டமையை இங்குள்ள முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் பலர். கிணறு வெட்டத் தெய்வம் எழுந்தருளிய இடம் இது. இங்கே நிலத்தைத் திறப்பவன் தான் எதைத் தொடுகின்றான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

பலரும் வெட்டுகின்ற ஒரு வீதியை யார் சொற்படி வெட்டுவது? எதனை எதன் கீழே வைப்பது? ஒருமுறை மூடிய வீதியை மீண்டும் கிளறாதிருப்பது எவ்வாறு? இவ்வினாக்கள் முதன்முதலில் மிகப் பெரிய அளவில் எழுந்த நகரம் இலண்டன். அவற்றுக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் 40 ஆண்டுகளைச் செலவிட்டவர் சேர் ஜோசப் வில்லியம் பஸல்ஜெற் என்னும் பொறியியலாளர். அவருடைய வரலாறு நம் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அறியத்தக்கது.

பஸல்ஜெற் 1819ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் இலண்டனுக்கு அணித்தான என்பீல்டில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறிய தையற்காரர்; பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னராக விளங்கிய இளவரசருக்கு ஆடை தைத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். தந்தையார் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிப் போரிலே காயமுற்றவர். 1957 வரை அக்கடற்படையின் தளமாயிருந்த திருகோணமலையில் வாழ்வோர்க்கு அத்தகைய குடும்பங்களின் போக்கு அந்நியமானதன்று. ஆயினும் மைந்தர் கடலை நாடினாரல்லர், நிலத்தையே நாடினார். இளமையிலேயே சேர் ஜோன் மக்னீல் என்னும் பொறியியலாளரிடம் மாணவராகச் சேர்ந்து, அயர்லாந்தில் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் தொழிலைக் கற்றார். நீர் தாழ்ந்த இடத்தை நாடும் என்பது யாவரும் அறிந்த செய்தி. எவ்வளவு தாழ்வு வைத்தால் எவ்வளவு விரைவில் ஓடும் என்பதைக் கையால் அறிந்தவர் பஸல்ஜெற்.

1842இல் அவர் இலண்டனில் தனித்தொழில் தொடங்கினார். அக்காலம் இங்கிலாந்து முழுவதும் புகையிரதப் பாதை போடும் வெறியில் ஆழ்ந்திருந்த காலம். இரவு பகலாக வரைபடம் தீட்டியதன் பயனாக 1847இல் அவருடைய உடலும் உள்ளமும் ஒருங்கே தளர்ந்தன. தொழிலை விட்டு நாட்டுப்புறம் சென்று நெடுநாள் ஓய்ந்திருந்தார். மெலிந்த உருவமும் நலிந்த உடலும் உடைய இவர் இனிப் பெரும்பணி எதனையும் தாங்குவாரென அப்போது யாரும் கருதியிருக்கமாட்டார்.

அவர் மீண்டு வந்தபோது இலண்டன் சாவின் பிடியிலிருந்தது. 1848லும் 1849லும் பரவிய வாந்திபேதி அம்மாநகரில் 14,000 பேருக்கு மேல் கொன்றது. உலகிலேயே பெரிய நகரமாகிய அதன் அடிநிலமோ யாருடைய ஆட்சிக்கும் உட்படாத காடாய்க் கிடந்தது. சாக்கடைகளைப் பார்க்க எட்டு ஆணைக்குழுக்கள் இருந்தன. 1847இல்தான் அவற்றை ஒன்றாக்கத் தொடங்கினர். ஒரு குழுவின் கால்வாய் உயரத்தில் வரும். அடுத்த குழுவின் எல்லையில் அது தாழ்ந்து போகும். பெரிய கால்வாய் சிறிய கால்வாயுள் வந்து விழும் இடங்களும் உண்டு. குடிநீர்க் கம்பனிகள் தத்தம் குழாயை இட்டன. விளக்கெரிக்கும் வாயுவை விற்ற கம்பனிகளோ ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒரே வீதியை மாறி மாறிப் பிளந்தன. இக்கம்பனிகளுக்கு எல்லை வகுத்துக் கொடுக்கும் சட்டம் 1860இல்தான் வந்தது.

இந்நிலையில் 1849ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சாக்கடை ஆணைக்குழுவிலே துணை நில அளவையாளராகப் பஸல்ஜெற் அமர்ந்தார். தலைமைப் பொறியியலாளராயிருந்த பிராங் போர்ஸ்டர் என்பார் வேலைச் சுமையாலும் வீண் பூசல்களாலும் நைந்து 1852இல் உயிர் நீத்தார். அந்த ஆசனத்தில் அமரும் துணிவு பஸல்ஜெற்றுக்கு இருந்தது. முன்னரே ஒருமுறை நோயுற்று வீழ்ந்த மனிதர் அவர் என்பதை நினைக்குந்தோறும் அத்துணிவின் அருமை புலனாகும். 1856இல் மாநகர் வேலைச்சபை என்னும் புதிய சபை அமைந்தபோது அதன் தலைமைப் பொறியியலாளரானார். சபை கலைக்கப்பட்ட 1889 வரை அப்பதவியில் அவரே நிலைத்திருந்தார்.

அவருடைய திட்டம் சொல்வதற்கு எளியது. அதுகாறும் சாக்கடைகள் யாவும் தேம்ஸ் நதியை நோக்கியே நேராக ஓடின. அந்நதியினின்றே மக்கள் பலர் குடிநீரும் பெற்றனர். சாக்கடைகள் நதியை அடையுமுன் அவற்றைக் குறுக்கே மறித்து ஏந்தும் பெருங்கால்வாய்களைக் கிழக்கு நோக்கி அமைத்து, நகருக்கு வெகு தொலைவில், கடலை நோக்கி நீர் வற்றும் வேளையில் கழிவைத் திறந்துவிட வேண்டும் என்றார். எளியதாயினும் அத்திட்டம் இரண்டாண்டுகளுக்கு மேல் தாள்களிலேயே உறங்கிற்று. கழிவு வெளியேறும் வாயை எங்கே வைப்பது என்பது பற்றி அரசாங்க அமைச்சர் திரும்பத் திரும்பத் தடை எழுப்பினார். வரைபடங்கள் போயின, வந்தன, மீண்டும் போயின.

இயற்கையே இறுதியில் தீர்ப்பு வழங்கிற்று. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே வெப்பம் மிகுந்து, நதி நாறத் தொடங்கியது. நதியோரத்திலுள்ள பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்திலே தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் அமர்ந்திருக்க முடியவில்லை. ஏழைகளின் சேரிகளில் பல்லாண்டுகளாக வீசிய நாற்றம் சட்டம் இயற்றுவோரின் மூக்கை எட்டிய பின்னர் எல்லாம் விரைவாக நடந்தன. டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா 18 நாள்களில் சட்டமாயிற்று. 1859இல் மண்வெட்டிகள் இறங்கின.

132 கிலோமீற்றர் நீளமான பெருங்கால்வாய்கள். அவற்றில் வந்து சேரும் ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் வீதிச் சாக்கடைகள். 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள். இவை யாவும் மக்கள் நடமாடும் நகரின் அடியிலே, பழைய குழாய்களுக்கும் வீட்டு அத்திவாரங்களுக்கும் கால்வாய்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் இடையே புகுத்தப்பட்டன. நீர் குறைந்த காலத்தும் விரைந்தோடித் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் பொருட்டு, முட்டையைத் தலைகீழாய் நிறுத்தியது போன்ற வடிவைப் பல சாக்கடைகளுக்கு அளித்தார். அக்காலத்தில் பெரும்பணிகளுக்குப் பலரும் நம்பியிராத போர்ட்லாந்துச் சீமெந்தைத் துணிந்து கையாண்டார். ஆனால் கண்மூடி நம்பவில்லை. அவருடைய துணைவரான ஜோன் கிராண்ட் என்பவர் வந்திறங்கிய சீமெந்தையெல்லாம் கட்டியாக்கி, நீரில் ஊறவைத்து, இழுத்துச் சோதித்த பின்னரே வேலைக்கு விட்டார். தரங்குறைந்ததைத் திருப்பி அனுப்பினார். பூமிக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று ஒப்பந்தக்காரர் ஏமாற்றும் இடம் அதுவேயன்றோ?

வெட்டும் வேலையை ஒழுங்குபடுத்தாவிடின் நேர்வது யாது என்பதை 1862ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நகரம் கண்டது. உலகின் முதலாவது நிலத்தடிப் புகையிரதப் பாதைக்காக வீதி நெடுகப் பள்ளம் தோண்டியிருந்தனர். அப்பள்ளத்தின் அருகே பிளீற் என்னும் பழைய ஆறு சாக்கடையாகி ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதன் சுவர் இடிந்து, கழிவுநீர் வெள்ளம் புகையிரதப் பள்ளத்தை நிரப்பிற்று. ஒப்பந்தக்காரரும் வேலைச்சபையாரும் கைகோத்து உழைத்த பின்னரே அவ்வெள்ளத்தைத் திருப்ப முடிந்தது. பள்ளத்துக்கு உரியவர் ஒருவர். சாக்கடைக்கு உரியவர் வேறொருவர். இடிந்த மண்ணுக்கோ அந்தப் பிரிவினை தெரியாது.

இத்துன்பத்தை அடியோடு களைய ஒரு வழியுண்டென வேலைச்சபை கருதியது. வீதி அமைக்கும்போதே அதன் கீழ் மனிதன் நிமிர்ந்து நடக்கத்தக்க சுரங்கவழி ஒன்றைக் கட்டிவிட வேண்டும்; குடிநீர்க் குழாயும் வாயுக் குழாயும் தந்திக் கம்பியும் அதன் சுவரோரம் செல்ல வேண்டும்; பழுது வந்தால் விளக்கேந்தி உள்ளே சென்று திருத்தலாம்; மேலே வண்டிகள் தடையின்றி ஓடலாம். சிலப்பதிகாரம் மதுரை மாநகரைக் காட்டுமிடத்துச் சுருங்கை வீதியைப் பேசுவதைத் தமிழ் கற்றோர் அறிவர். கரந்து செல்லும் வழிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் சுருங்கை. இலண்டனின் முதற் சுருங்கை 1861இல் கரிக் வீதியின் கீழ் அமைந்தது. அடுத்து நதியின் தென்கரையிலே புதிதாய் வெட்டிய சதக் வீதியின் கீழும் ஒன்று அமைந்தது.

கட்டியதோடு காரியம் முடியவில்லை. கம்பனிகள் அதனுள் வர மறுத்தன. வாயு கசிந்து மூடிய சுரங்கத்தில் தேங்கினால் தீப்பற்றி வெடிக்குமே என்று வாயுக் கம்பனியார் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அச்சத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. வீதியைத் தம் விருப்பம்போல் வெட்டும் உரிமையைப் பாராளுமன்றச் சட்டங்களின் வாயிலாகப் பெற்றிருந்த அவர்கள், அவ்வுரிமையை ஒரு பொதுச் சபைக்கு விட்டுக்கொடுக்க மனங்கொள்ளவில்லை. வழக்கு பாராளுமன்றத்தின் தெரிகுழுக்கள் வரை சென்றது. சுருங்கைக்குக் காற்றோட்டம் அமைக்கலாம். கசிவை உடனே கண்டு அடைக்கலாம். மண்ணுக்குள் புதைந்த குழாயில் கசியும் வாயுவே யாருக்கும் தெரியாமல் வீடுகளுள் புகுகின்றது என்பது சபையின் பக்கத்து வாதம். 1868இல் இச்சுருங்கைகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. சுருங்கை உள்ள வீதியைக் கம்பனிகள் மீண்டும் கிளறக் கூடாதென்னும் கொள்கை அவ்வாறு நிலைபெறலாயிற்று.

இவ்வெண்ணம் முழுவடிவம் பெற்ற இடம் விக்ரோறியா அணைக்கரை. சேற்றுத் திட்டுகள் நாறிக் கிடந்த நதியோரத்தில் கருங்கல் மதில் எழுப்பி, 37 ஏக்கர் நிலத்தை நீரினின்று மீட்டு, அதன்மேல் அகன்ற வீதியும் சோலைகளும் அமைத்தார். மேலே நடப்பவர் காண்பது அவ்வளவே. கீழே இறங்கினால், நகரின் கழிவைச் சுமந்து செல்லும் தாழ்நிலைப் பெருங்கால்வாய் ஒன்று. குழாய்களுக்கான சுருங்கை ஒன்று. அருகே புகையிரதச் சுரங்கம் ஒன்று. பலருடைய தேவைகள் ஒரே மண்ணில் ஒன்றையொன்று நெருக்காமல் அடுக்கப்பட்டன. ஒரு நல்ல புத்தக அலமாரியில் நூல்களை அடுக்கியதுபோல என்று சொன்னால் இலக்கிய அன்பர்கட்கு விளங்கும்.

அங்கும் அவர் பொறுமை சோதிக்கப்பட்டது. சபையின் மதிலும் கால்வாயும் எழுந்து நின்றன. புகையிரதக் கம்பனிக்கோ பணம் தட்டியது. அவர்கள் சுரங்கத்தை முடிக்காமல் மேலே வீதி போட வழியில்லை. போட்டபின் பெயர்ப்பதினும் போடாமல் காத்திருப்பதே மேலெனச் சபை காத்திருந்தது. 1870ஆம் ஆண்டு மே மாத முடிவில் புகையிரதம் ஓடியது; ஜூலை 13இல் வீதி திறக்கப்பட்டது. தாமதத்துக்காகப் பழி சுமந்தாலும் ஒரே இடத்தை இருமுறை வெட்டுவதில்லை என்னும் உறுதியை இச்சிறு செய்தி நமக்குக் காட்டுகின்றது.

இப்பணிகளால் விளைந்த நன்மையைச் சாவே சான்றாக நின்று எடுத்துரைத்தது. 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தது. 5,500 பேருக்கு மேல் இறந்தனர். இறந்தவருள் மிகப் பலர் புதிய கால்வாய்கள் இன்னும் இணைக்கப்படாத கிழக்கு இலண்டனில், மாசுற்ற நீரைப் பெற்ற பகுதியில் வாழ்ந்த ஏழைகள். கால்வாய் சென்றடைந்த இடங்களில் நோய் முன்போல் தலையெடுக்கவில்லை. அதன்பின் அந்நகரில் வாந்திபேதி பெருவாரியாகப் பரவியதேயில்லை. இதில் வியப்பொன்றும் உண்டு. கெட்ட நாற்றமே நோய்க்குக் காரணம் என்பது அந்நாளைய அறிஞர் பெரும்பாலோரின் கொள்கை. பஸல்ஜெற்றும் அவ்வாறே எண்ணினார். நீரின் வழியே நோய் பரவுகின்றதென்று ஜோன் சினோ என்னும் மருத்துவர் 1849 முதல் எழுதிவந்ததைச் சிலரே ஏற்றனர். நாற்றத்தைப் போக்கப் போனவர் நீரைத் தூய்மையாக்கினார். பிழையான காரணத்தைக் கொண்டு சரியான பணி நடந்த நிகழ்ச்சி இது.

அவருடைய பணியில் குறையே இல்லையென்று சொல்லுதல் வரலாற்றுக்கு அடாது. கழிவை நகரினின்று அகற்றினாரேயன்றித் தூய்மைப்படுத்தினாரல்லர். கிழக்கே அது நதியிற்றான் கலந்தது. 1878 செப்டெம்பர் 3ஆம் நாள் அக்கழிவு வாய்களுக்கு அருகிலே பிரின்சஸ் அலிஸ் என்னும் உல்லாசப் படகு மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கி 600 பேருக்கு மேல் மாண்டபோது, நீரின் மாசும் பலர் உயிரைக் குடித்ததென மக்கள் கொதித்தனர். அதன் பின்னரே கழிவின் திண்மத்தைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலுக்குக் கொண்டு செல்லும் முறை 1887இல் தொடங்கிற்று. முதற் கப்பலுக்கு இட்ட பெயர் பஸல்ஜெற்! தன் வாயிலில் குப்பை கொட்டாமல் அயலான் வாயிலில் கொட்டுவது தூய்மையாகாது என்பது துறைமுக ஊர்கள் அனைத்துக்கும் பொருந்தும் பாடம்.

அவருடைய புகழ் பிறநாடுகளுக்கும் பரவியது. புடாபெஸ்ட் நகருக்கும், நம் தமிழ் மக்கள் குடியேறி வாழும் மொரீசியசுத் தீவின் போட் லூயிசுத் துறைமுகத்துக்கும் அவர் ஆலோசனை வழங்கினார். 1875இல் சேர் பட்டம் பெற்றார். 1884இல் பொறியியலாளர் நிறுவகத்தின் தலைவராய் விளங்கினார். தேம்ஸ் நதியின் மேல் பாலங்களும், நகரின் நடுவே புதிய வீதிகளும் அவர் மேற்பார்வையில் எழுந்தன. 1880களின் இறுதியில் வேலைச்சபையின் சில அலுவலர் மீது ஊழற் குற்றம் எழுந்தது, அச்சபையே கலைந்தது, ஆயினும் கோடிக்கணக்கான செங்கற்களுக்குக் கணக்கெழுதிய அவருடைய பெயரில் கறைபடவில்லை. 1889இல் ஓய்வு பெற்று, 1891 மார்ச்சு 15ஆம் நாள் விம்பிள்டனில் காலமானார். பின்னர் 1901இல் அவர் மீட்டெடுத்த அணைக்கரையின் மதிலிலேயே அவருக்கு நினைவுச் சின்னம் நிறுவினர்.

அவருடைய கால்வாய்கள் இன்றும் பணியில் உள்ளன. மழை மிகுந்த நாள்களில் அவை தாங்காது நதியில் வழிவதைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளமுள்ள புதிய பெருஞ்சுரங்கம் ஒன்றை இலண்டன் மக்கள் கட்டி 2025இல் முழுமையாய் இயக்கினர். பழையதை அகற்றுவதற்காக அது கட்டப்படவில்லை; அதற்குத் துணையாகவே கட்டப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒருவர் செய்த வேலையின்மேல் நம்பி வேலை செய்ய முடிகின்றதென்றால் அதற்கு மேலான புகழ் வேறென்ன வேண்டும்?

இலண்டனையும் திருகோணமலையையும் ஒப்பிடுதல் மலையையும் மடுவையும் ஒப்பிடுவதாகலாம். ஆயினும் ஊர் சிறிதாயிருத்தல் ஒரு வாய்ப்பேயாகும். எந்தக் குழாய் எவ்வீதியில் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கின்றது என்பதை ஒரே வரைபடத்தில் எழுதி, வீதிக்குப் பொறுப்பானவர் முதல் கம்பியிடுவோர் வரை யாவரும் ஒரே மேசையில் அதனை விரித்துப் பார்ப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தார் போடுமுன் ஒரு திங்கள் காத்திருப்பதற்கும் செலவில்லை. மணற்பாங்கான இந்நிலத்தில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைவதால் வரும் தீங்கு, இலண்டன் ஏழைகளைக் கொன்ற தீங்கின் தம்பியேயன்றோ? உடைந்த குழாயினுள் கான்நீர் கசிவதும் அவ்வாறே. வீதி வெட்டுவது வண்டியோட்டிகளின் தொல்லை மட்டுமன்று; வீட்டிலே பிள்ளைகள் அருந்தும் தண்ணீரைப் பற்றிய காரியம்.

பூமிக்குமேல் எழும் மாளிகையைக் கட்டியவனை ஊர் போற்றும். பூமிக்குள் மறைந்த கால்வாயைக் கட்டியவனை ஊர் மறந்துவிடும். மறந்து நலமாய் வாழும். அந்த மறதியையே தம் பணிக்குச் சான்றாகப் பெற்றவர் பஸல்ஜெற். நம் ஊர் மாணாக்கருள்ளும் அத்தகைய ஒருவர் தோன்றுவாராக.